தொண்டைமானின் ஆயுதச் சாலையில் 1977

தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டியபோது ஔவையார் அவனைத் திட்டவில்லை. அதியமானின் தூதாகப் போனவர் அவர். தூதுக்குப் போன இடத்தில் திட்டுவது முறையும் ஆகாது. இங்கே வேல்களுக்கு மாலை சூட்டியிருக்கிறார்கள், மயிற்பீலி கட்டியிருக்கிறார்கள், நெய் பூசிக் காவல் போட்டுப் பாதுகாக்கிறார்கள் என்றார். எங்கள் மன்னனின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. நெய்யும் மயிற்பீலியும் அங்கே கண்ணுக்கு முன்னால் இருந்தவைதான். போருக்கே போகாத வேல்தான் இப்படிப் பளபளக்கும் என்பதைத் தொண்டைமான் தானாகவே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இலக்கணம் படித்தவர்கள் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் வைத்தார்கள். பெயரில் வஞ்சம் இருந்தாலும் இந்தப் புகழ்ச்சிக்கு உண்மைதான் முதல்.

1977ஆம் ஆண்டு உலகின் பல நாடுகளை ஆண்டவர்களை நான் அப்படிப் புகழ நினைக்கிறேன். அவர்களைத் திட்டி எழுதியவர்கள் ஏராளம். திட்டு அவர்களில் பெரும்பாலோருக்கு உறைக்கவே இல்லை. புகழ்ச்சிக்கு மட்டும்தான் அவர்கள் காது கொடுத்தார்கள். ஆகவே அவர்கள் உண்மையிலேயே செய்து காட்டியவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

முதல் மரியாதை பொக்காசாவுக்கு. 1977 டிசம்பர் 4ஆம் தேதி மத்திய ஆப்பிரிக்காவின் தலைநகர் பாங்கியில் அவர் தமக்குத் தாமே முடிசூட்டிக்கொண்டார். அதற்கு ஓராண்டு முன்புதான் குடியரசாக இருந்த நாட்டைப் பேரரசு என்று அறிவித்திருந்தார். விழாவில் அவருடைய கலையுணர்வு குறையில்லாமல் வெளிப்பட்டது. சிறகு விரித்த பெரிய கழுகின் வடிவில் பொன் பூச்சுச் சிம்மாசனம். வைரம் பதித்த கிரீடம் பாரிஸ் நகைக் கலைஞர்கள் செய்து கொடுத்தது. தேர் இழுக்க வெள்ளைக் குதிரைகள் கடல் கடந்து வந்தன. 1804இல் நெப்போலியன் சூடிக்கொண்ட விதத்தையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். செலவு ஏறத்தாழ இரண்டு கோடி டாலர். அரசின் ஓராண்டு வரவு செலவில் அது மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மக்கள்தொகை இருபது லட்சம் சொச்சம். அத்தனை ஏழ்மையிலும் அவர் விழாவின் தரத்தில் சமரசம் செய்துகொள்ளவில்லை.

விழா நடந்த அரங்கின் பெயர் பொக்காசா விளையாட்டு அரங்கம். அது இருந்த சாலை பொக்காசா சாலை. பக்கத்தில் இருந்தது பொக்காசா பல்கலைக்கழகம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை; எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பெயர்தான்.

அவருடைய மன்னிக்கும் குணத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது எனக்கே மனம் கனக்கிறது. அவருக்கு ஆறு வயதிருக்கும்போது, 1927இல், கிராமத் தலைவராக இருந்த அவருடைய தந்தையைப் பிரெஞ்சுக் காலனிக்காரர்கள் அடித்தே கொன்றார்கள். காட்டு நிறுவனத்துக்குக் கட்டாய வேலை செய்யக் கொண்டுபோன ஆட்களை அவர் விடுவித்ததுதான் குற்றம். ஒரு வாரத்தில் தாய் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சிறுவன் வளர்ந்து அதே பிரான்சின் ராணுவத்தில் சேர்ந்து, இந்தோசீனாவில் அந்நாட்டுக்காகப் போரிட்டு, கடைசியில் அந்நாட்டுப் பேரரசரின் உடையைத் தைத்து அணிந்துகொண்டார். இவ்வளவு முழுமையான மன்னிப்பைத் தந்தைக்கு நேர்ந்த கொடுமைக்கு வேறு யார் கொடுத்திருப்பார்கள்? தம் சொந்த நாட்டின் பிள்ளைகளிடம்தான் அந்த மன்னிப்பு செல்லுபடியாகவில்லை. 1979 ஜனவரியில், அவருடைய குடும்பத்தாரின் தொழிற்சாலையில் தைத்த சீருடையைத்தான் மாணவர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெற்றவர்களுக்குச் சம்பளமே பல மாதங்களாக வரவில்லை. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் சிறைக்குள் அடைக்கப்பட்ட பிள்ளைகளில் நூறு பேர்வரை செத்தார்கள். ஆப்பிரிக்க நீதியாளர்களின் குழு ஒன்று வந்து விசாரித்து, பேரரசருக்கே அதில் பங்கு இருந்தது அநேகமாக உறுதி என்று எழுதியது.

பிரான்சின் உதவும் மனத்தையும் இங்கேயே பாராட்டிவிடுகிறேன். முடிசூட்டு விழாவுக்குப் பணமும் பொருளும் கொடுத்தது அந்நாடு. ஆனால் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தாங் விழாவுக்குப் போகாமல் தம் நாட்டின் கண்ணியத்தையும் காப்பாற்றினார். 1979 செப்டம்பரில் பேரரசர் லிபியாவுக்குப் போயிருந்த வேளையில், பிரெஞ்சு ராணுவமே விமானத்தில் வந்து இறங்கி, பழைய அதிபரைக் கூட்டிவந்து உட்கார வைத்தது. ஏற்றி வைக்கவும் இறக்கி வைக்கவும் இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே கை நீண்டது. அடுத்த மாதமே, பொக்காசா ஜிஸ்காருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த வைரங்களைப் பற்றிய செய்தியைப் பாரிஸ் வாரப் பத்திரிகையான லெ கனார் ஆன்ஷெனே வெளியிட்டது. 1981 தேர்தலில் ஜிஸ்கார் தோற்றார்.

சிக்கனத்துக்கு ஈக்குவடோரியல் கினியின் மசியாஸ் நிகுவேமாவைச் சொல்வேன். நாட்டின் கருவூலத்தைத் தலைநகரில் வைத்திருந்தால் பாதுகாப்பில்லை என்று நினைத்து, மொங்கோமோவில் இருந்த தம் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அறிவுஜீவி என்ற சொல்லையே நாட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தடை போட்டார். மீன்பிடிப் படகுகளையும் தடை செய்தார். படகிருந்தால் மக்கள் தப்பிப் போய்விடுவார்கள். ஆனாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்கள் எப்படியோ வெளியேறினார்கள் அல்லது இறந்தார்கள். குடும்பத்தாருக்குப் பதவி கொடுப்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை மட்டும் வீண் போகவில்லை. அவர் வளர்த்துவிட்ட மருமகன் ஒபியாங் 1979 ஆகஸ்ட் 3ஆம் தேதி அவரைக் கவிழ்த்து, செப்டம்பரிலேயே சுட்டுக்கொல்ல வைத்தார். அன்று உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அந்த மருமகன் பின்னர் நாற்பது ஆண்டுகள் கடந்தும் எழுந்திருக்கவில்லை.

உகாண்டாவின் இடி அமீன் யாரிடமும் எதையும் எதிர்பார்த்து நிற்காதவர். ஃபீல்டு மார்ஷல், டாக்டர், ஆயுட்கால அதிபர், ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தை வென்றவர் என்று தமக்கு வேண்டிய பட்டங்களைத் தாமே கொடுத்துக்கொண்டார். போக்குவரத்து விபத்துகளில் அவருக்கு இருந்த அக்கறையையும் மறக்கக் கூடாது. 1977 பிப்ரவரியில் பேராயர் ஜனானி லுவும் அவருடைய கொடுமைகளைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். சில நாட்களில் அந்தப் பேராயரும் இரண்டு அமைச்சர்களும் கார் விபத்தில் இறந்தார்கள் என்று அரசு வானொலி சொன்னது. உடலைப் பார்த்தவர்கள் குண்டுக் காயங்களைப் பார்த்தார்கள்.

பாகிஸ்தானின் ஜியா உல் ஹக்கைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 1977 ஜூலை 5ஆம் தேதி ஆட்சியைக் கைப்பற்றிய அன்று, தொண்ணூறு நாளில் தேர்தல் நடத்திவிட்டுப் பாசறைக்குத் திரும்பிவிடுவேன் என்றார். சொன்ன வாக்கை முறித்ததாக யாரும் குறை சொல்ல முடியாது. தொண்ணூறு நாளும் கழிந்தன, இன்னும் பல தொண்ணூறுகளும் கழிந்தன. 1988 ஆகஸ்ட் 17ஆம் தேதி பஹாவல்பூரில் விமானம் விழுந்து இறக்கும்வரை அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். நானும் எண்ணிப் பார்த்தேன்: 4,061 நாட்கள்.

தன்னடக்கத்துக்குக் கம்போடியாவின் போல் பாட்டுக்கு இணை கிடையாது. 1975 ஏப்ரலில் அவருடைய படை நாம்பென் நகரத்தைப் பிடித்து, நோயாளிகள் உட்பட எல்லாரையும் வயலுக்கு ஓட்டியது. பணம் என்பதையே ஒழித்து, தேசிய வங்கியை வெடி வைத்துத் தகர்த்தது. அத்தனையும் செய்தவர் தம் பெயரைச் சொல்லவில்லை, தம் கட்சியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘அங்கார்’, அதாவது ‘அமைப்பு’ என்ற ஒற்றைச் சொல்தான். தங்களை ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி என்று 1977 செப்டம்பர் கடைசியில், வானொலியில் ஒலித்த அவருடைய ஐந்து மணி நேரப் பேச்சில்தான் அவர்கள் கேட்டார்கள். பேசிவிட்டு அவர் பெய்ஜிங் போனார். அங்கே அரசு மரியாதை காத்திருந்தது.

ஆவணம் பேணுவதிலும் அந்த ஆட்சியைப் பாராட்டத்தான் வேண்டும். துவோல் ஸ்லெங்கில் ஒரு பள்ளிக்கூடம் சிறையாயிற்று. சிறைத் தலைவர் முன்னாள் கணக்கு ஆசிரியர். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எண் மாட்டி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் கொடுத்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கோப்பில் வைத்தார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல் அப்படிப் பதிவானார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணலாம். அந்தப் படங்கள் இப்போது அதே கட்டடத்தின் சுவர்களில் இருக்கின்றன. அவற்றில் குழந்தைகளும் உண்டு. அந்த முகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நாள் முழுவதும் சோறு இறங்காது. உலக நாடுகளின் விசுவாசமும் பெரிது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்த பிறகும் ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் நாற்காலியை அவருடைய ஆட்களுக்கே பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து நின்ற பெரும்பான்மை.

சொந்த எழுத்தில் பிழையே வைக்காதவர் பிரெஷ்னெவ். 1977 அக்டோபரில் நிறைவேறிய சோவியத் அரசியல் சட்டத்தின் 50ஆம் பிரிவு பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் தருகிறது. இயற்பியலாளர் யூரி ஓர்லோவ் அந்தச் சட்டம் வரும்வரை பொறுக்காமல், ஏற்கெனவே உரிமை இருப்பதாக நினைத்துப் பேசிவிட்டார். பிப்ரவரியிலேயே கைதாகிச் சட்டம் நிறைவேறிய செய்தியைச் சிறையில் இருந்துதான் அவர் கேட்டிருப்பார்.

தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டரின் அரசு யார்மேலும் வீண்பழி சுமத்தாத அரசு. நிறவெறியை எதிர்த்த ஸ்டீவ் பீகோவைக் காவலில் அடித்து மூளை கலங்கிய நிலையில், ஆடையில்லாமல் லேண்ட்ரோவர் வண்டியின் பின்னால் கிடத்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பிரிட்டோரியாவுக்கு ஓட்டிப் போனார்கள். 1977 செப்டம்பர் 12ஆம் தேதி இறந்தார், வயது முப்பது. டிசம்பரில் முடிந்த விசாரணையில், இந்தச் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று.

ருமேனியாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய தந்தியை நினைத்துக்கொள்கிறேன். 1974இல் சௌசெஸ்கு அதிபர் பதவி ஏற்றபோது அரசர்களைப்போலக் கையில் செங்கோலும் வாங்கிக்கொண்டார். ஓவியர் சால்வதோர் டாலி அந்தச் செங்கோலைப் பாராட்டித் தந்தி அடித்தார். கட்சிப் பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டுவிட்டது. தொண்டைமானுக்காவது ஔவை சொன்னது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட சௌசெஸ்கு 1977 மார்ச் 4ஆம் தேதி நிலநடுக்கத்தில் 1,500 பேருக்கும் மேல் இறந்ததைக் கண்டு மனம் தளர்ந்துவிடவில்லை. நிலநடுக்கம் விட்டுவைத்த பழைய புக்காரெஸ்டின் ஒரு பெரும் பகுதியை, தேவாலயங்களோடும் வீதிகளோடும், அவரே இடித்து முடித்தார்.

இனி உண்மையான பாராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977 ஜனவரியில் பதவியேற்ற ஜிம்மி கார்ட்டர் மனித உரிமையைத் தம் வெளியுறவுக் கொள்கையின் அடித்தளம் என்று சொன்னவர். அதை மனமாரச் சொன்னவர் என்றே நம்புகிறேன். அந்த ஆண்டின் கடைசி இரவில் டெஹ்ரானில் ஷாவின் விருந்தில் கோப்பையை உயர்த்தி, மன்னரின் தலைமையால் ஈரான் அப்பகுதியில் நிலைத்தன்மையின் தீவாக விளங்குகிறது என்றும், அது மக்கள் மன்னர்மேல் வைத்திருக்கும் மரியாதைக்கும் அன்புக்கும் சான்று என்றும் வாழ்த்தினார். சாவாக் என்ற ரகசியப் போலீஸ் அந்த அன்பை எப்படிச் சேகரித்தது என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அறிவார். ஒன்பதே நாளில் கும் நகரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஓராண்டும் பதினாறு நாளும் கழித்து ஷா நாட்டைவிட்டுப் பறந்தார். நான் வரிசைப்படுத்திய வஞ்சப்புகழ்ச்சிகளில் எதுவும் அந்த விருந்தில் சொன்ன நேரான புகழ்ச்சி அளவுக்கு யாரையும் கவிழ்க்கவில்லை.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். இந்திரா காந்திக்கு ஒரு பாராட்டு எந்த வஞ்சமும் இல்லாமல் உரியது: 1977 மார்ச்சில் தேர்தலை வைத்தார், ரேபரேலியில் தோற்றார், பதவியைவிட்டுப் போனார். மேலே சொன்ன சர்வாதிகாரிகளில் ஒருவரும் செய்யாத காரியம் இது. அதற்கு முந்தைய இருபத்தொரு மாத நெருக்கடிநிலைக்கும் அவரைப் பாராட்டலாம். பத்திரிகைகளில் தம்மைப் பற்றிக் கெட்ட செய்தியே வராதபடி பார்த்துக்கொண்டார்; பிறகு அந்தப் பத்திரிகைகளைத் தாமே படித்து, ஜெயித்துவிடுவோம் என்று நம்பினார். 1976-77 ஓராண்டில் 80 லட்சம் பேருக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த எண்ணிக்கையை எட்டிய அதிகாரிகளின் உழைப்பை வாக்காளர்கள் மறக்கவில்லை.

கடல் தாண்டி இலங்கையில், அதே ஆண்டு ஜூலையில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா 168 இடங்களில் 140ஐ வென்று பிரதமரானார். தர்மிஷ்ட சமுதாயம் அமைப்பேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. புத்தரின் அறத்தைப் பேசுவதில் அவருக்கு இணையான அரசியல்வாதி அத்தீவில் குறைவு. அந்தச் சமுதாயம் தொடங்கிய விதத்தைத் தமிழர்கள் மறக்கவில்லை. ஆகஸ்ட்டில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், யாழ்ப்பாணத்தில் தொடங்கித் தெற்கு வரைக்கும் தமிழர்களைத் தேடி அடித்தார்கள். மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கு ஓடிவந்தார்கள். பிரதமர் அப்போது நாடாளுமன்றத்தில் பேசியதை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்: போர் வேண்டுமென்றால் போர், சமாதானம் வேண்டுமென்றால் சமாதானம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அடி வாங்கியவர்களிடமே விட்ட பெருந்தன்மை அது.

அவருடைய முன்யோசனைக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை. 1978 பிப்ரவரியில் பிரதமர் பதவியிலிருந்து நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவிக்குத் தாமே ஏறினார். 1982இல், தம் கட்சி உறுப்பினர்கள் எல்லாரிடமும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதில் வாக்கெடுப்பு நடத்தி, அதே நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டுக்கு நீட்டிக்கொண்டார். தேர்தலில் தோற்காமல் இருக்கத் தேர்தலையே நடத்தாமல் இருப்பது சுலபமான வழி. அதை மக்களிடமே வாக்கு வாங்கிச் செய்தவர் அவர். இடையில், 1981 மே கடைசி இரவில், அவருடைய ஆட்சியின் போலீஸ்காரர்கள் காவலுக்கு நின்ற யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்பது கணக்கு. ஏட்டுச் சுவடிகளும் போயின. தொண்டைமான் வேலுக்கு நெய் பூசிக் காத்தான். நமக்குச் சுவடியைக் காக்க ஒரு காவல்காரர் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் புகழ்ச்சியாக எதையும் என்னால் எழுத முடியவில்லை.

கடைசியாக ஒருவர். அர்ஜென்டினாவின் விடேலா சட்டம் ஒழுங்கை மதித்தவர். மூன்று பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடி நிற்கக் கூடாது என்பது அவர் ஆட்சியின் விதி. 1977 ஏப்ரல் 30, ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளைக் காணாமல் தேடி அலைந்த பதினான்கு பெண்கள் புவெனஸ் அயர்ஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே இருக்கும் மே சதுக்கத்துக்கு வந்தார்கள். நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். அவர்கள் விதியை மீறவில்லை. கைகோத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமை ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் பிறகு வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காண, பிள்ளைகளுக்கு இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தாய்மார்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்த பெருமை அந்த ஆட்சிக்கே சேரும்.

அவர்களைக் கூட்டியவர் அசுசேனா வில்யாஃப்ளோர். மகன் நெஸ்டர் 1976 நவம்பரில் காணாமல் போனவர். 1977 டிசம்பர் 10ஆம் தேதி, உலக மனித உரிமை நாளன்று, அந்தத் தாயையும் வீட்டுக்கு அருகே பிடித்துக்கொண்டு போனார்கள். விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள். கடல் அவரை வைத்துக்கொள்ளாமல் கரைக்கே கொண்டுவந்தது. பெயர் எழுதாத குழியில் புதைத்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 2005இல், தடயவியல் ஆய்வாளர்கள் அந்த எலும்புகளை அவருடையவை என்று உறுதிசெய்தார்கள். அவருடைய சாம்பல் மே சதுக்கத்தில், அவர் சுற்றி நடந்த தூணின் அடியில் இருக்கிறது. விடேலா 2013 மே 17ஆம் தேதி ஆயுள் கைதியாகச் சிறையில் இறந்தார்; அவரைப் புதைக்கக் கூடாது என்று சொந்த ஊர்க்காரர்களே போராடினார்கள். வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு அந்தச் சதுக்கத்தில் வெள்ளைத் தலைத்துணியோடு இன்னும் நடக்கிறார்கள்.